பிளாஸ்திரி போட்ட கேமரா

எதிர்வீட்டு அத்தையை உங்கள் இருவரில் பெரியவள் மட்டும்தான் பார்த்திருக்கிறாள். அதுவும் கைக்குழந்தையாக, அத்தை மடியில் மூக்கு ஒழுக உட்கார்ந்துகொண்டு. சின்னவன் பார்த்ததே இல்லை. அவன் பிறப்பதற்குள் அத்தை மாற்றலாகிப் புதுச்சேரிக்குப் போய்விட்டார். அதனால்தான் எழுதி வைக்கிறேன். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. பத்தாவதோடு நிறுத்திவிட்டு ஹார்டுவேர் கடையில் நின்றவன் நான். தப்பு இருந்தால் சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

எனக்கு அவர் அக்கா. உங்களுக்கு அத்தை. இதில் அத்தை என்றே எழுதுகிறேன், குழப்பம் வேண்டாம்.

கோவில்பத்தில் அப்போது நாம் குடியிருந்த வாடகை வீட்டுக்கு நேர் எதிர் வீடு அவருடையது. டவுனில் ஓர் ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை. முதல்முறை அவர் வீட்டுக்குள் போனபோது அங்கே யாருக்கோ பலமாக அடிபட்டிருக்கிறது என்று நினைத்தேன். எங்கே திரும்பினாலும் பிளாஸ்திரி. முழங்காலில் சிராய்த்தால் ஒட்டுவோமே, அதே தோல் நிறப் பிளாஸ்திரி. ஃபேன் ரெகுலேட்டரில் ஒன்று. இஸ்திரிப் பெட்டியின் திருகில் ஒன்று. ஃபிரிட்ஜுக்குள் குளிரைக் கூட்டிக் குறைக்கும் இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு.

"என்னக்கா இது, வீட்டுக்கே காயமா?"

"ஃபேன் மாட்டுன எலெக்ட்ரீசியன் மூணுல வச்சுட்டுப் போனான் தம்பி. தெரிஞ்சவன் வச்சது. நாம ஏன் கை வைக்கணும்?"

இதுதான் அத்தை. இதற்கு மேல் நான் எழுதப் போவதெல்லாம் இந்த ஒரு வாக்கியத்தின் விளக்கம்தான்.

மார்கழி மாதத்தில் விருந்தாளிகள் வருவார்கள். ஃபேன் மூன்றில் சுற்றும். பல் தந்தியடிக்க, "கொஞ்சம் கொறச்சு வைங்களேன்" என்பார்கள். அத்தை உள்ளே போய் ஒரு போர்வை கொண்டுவந்து கொடுப்பார். சித்திரை வெயிலில் வந்தவர்கள் கூட்டி வைக்கச் சொல்வார்கள். அவர்களுக்கு விசிறி. ஃபிரிட்ஜ் இன்னும் மோசம். கொண்டுவந்து இறக்கியவன் எந்த ஞாபகத்திலோ முழுக் குளிரில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். நம் வீட்டில் தயிரை ஊற்றிக்கொள்வோம். அத்தை வீட்டில் உடைத்துப் போட்டுக்கொள்வார்கள். ஒருமுறை எனக்குச் சாப்பாடு போட்டபோது கரண்டிக் காம்பால் தயிரைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் அம்மி கொத்துகிறார்களோ என்று எட்டிப் பார்த்தேன்.

எல்லாவற்றையும்விட ஸ்கூட்டிக் கண்ணாடி. சர்வீஸுக்கு விட்டிருந்தார். மெக்கானிக் நல்ல உயரம். ஓட்டிப் பார்க்கும்போது தன் கண்ணுக்குத் தோதாகக் கண்ணாடியைத் திருப்பிக்கொண்டிருக்கிறான். அத்தை குள்ளம். வண்டியை வாங்கி வந்த கையோடு கண்ணாடியின் கழுத்தில் பிளாஸ்திரி போட்டுவிட்டார். அதற்கப்புறம் அந்தக் கண்ணாடியில் அவருக்கு வானம் மட்டும்தான் தெரியும்.

"பின்னாடி பஸ் வந்தா எப்படிக்கா தெரியும்?"

"ஹாரன் அடிப்பான்ல. மழ வருதான்னு பாத்துக்க இது வசதியா இருக்கு."

இப்படி ஏன் என்று உங்க அம்மா ஒருநாள் கேட்டே விட்டாள். அத்தை கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். சின்ன வயதில் வீட்டு ரேடியோவில் புயல் சேதி போய்க்கொண்டிருந்ததாம். இவர் சும்மா திருகைத் திருப்பிப் பார்க்க, ஸ்டேஷன் போய்விட்டது. அப்பாவும் பக்கத்து வீட்டுக்காரர்களும் மாற்றி மாற்றித் திருகியும் கொர்ரென்ற சத்தம்தான். "அண்ணன் ஸ்கூல்லேருந்து வந்து திருப்பிப் புடிக்கிற வரைக்கும் வீட்ல ஒருத்தரும் எங்கூடப் பேசலம்மா" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும் உங்க அம்மா அதற்குப் பிறகு பிளாஸ்திரியைப் பற்றிக் கிண்டல் செய்வதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாள். நான் குறைக்கவில்லை.

அந்த அண்ணன்தான் பிற்பாடு பிரான்சுக்குப் போய்க் குடியுரிமை வாங்கி அங்கேயே தங்கிவிட்டார். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட நம்ம ஊரில் அது ஒன்றும் அதிசயம் இல்லை. ஒரு தடவை லீவில் வந்தபோது தங்கைக்கு ஒரு டிஜிட்டல் கேமரா கொண்டுவந்தார். அப்போதெல்லாம் நம்ம தெருவில் எல்லோர் கையிலும் பட்டன் போன்தான். அதில் படம் எடுத்தால் ஆளா ஆடா என்று ஊகிக்க வேண்டும். அதனால் அந்தக் கேமராவைத் தெருவே வந்து பார்த்தது.

கேமராவின் தலையில் ஒரு சின்னச் சக்கரம் இருந்தது. சக்கரத்தைச் சுற்றி எழுத்துகளும் படங்களும். நடுவே பச்சை நிறத்தில் ஒரு கட்டம். அதில் வைத்துவிட்டால் எல்லாம் கேமராவின் இஷ்டம். வெளிச்சம் எவ்வளவு வேண்டும், கண்ணை எத்தனை நேரம் திறக்க வேண்டும், ஃபிளாஷ் போடலாமா வேண்டாமா, எல்லாவற்றையும் அதுவே முடிவு செய்துகொள்ளும். நாம் அமுக்கினால் போதும். அண்ணன் பச்சையில் வைத்துக் கொடுத்து, "இதுலயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஃபிளைட் பிடிக்கக் கிளம்பினார். அவர் சென்னை போய்ச் சேர்வதற்குள் சக்கரத்தின் மேல் பிளாஸ்திரி விழுந்துவிட்டது.

பச்சைக் கட்டம் நல்ல வெயிலில் நன்றாகத்தான் வேலை செய்தது. சாயங்காலம்தான் தகராறு. ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தை எங்களோடு கடற்கரைக்கு வருவார். பொழுது சாய்ந்ததும் கடலைப் படம் எடுப்பார். வெளிச்சம் போதவில்லை என்று கேமரா தானாகவே ஃபிளாஷைத் தூக்கிப் பளிச்சென்று அடிக்கும். சுண்டல் விற்பவர்கூடத் திரும்பிப் பார்ப்பார்.

"என்னங்க, கடலுக்கு டார்ச் அடிக்கிறீங்களா?"

"அதுக்கு வேணும்னு தோணிருக்கு, அடிக்குது" என்பார் அத்தை, கேமராவை விட்டுக்கொடுக்காமல்.

படத்தில் காலடி மணல் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கும். கடல் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு.

பெரியவளே, பீரோவில் இருக்கும் உன் முதல் போட்டோவும் இந்தக் கேமரா எடுத்ததுதான். பளிச்சென்று அடித்ததும் நீ கண்ணை இறுக்கிக்கொண்டு, வாயை அகலத் திறந்து, இரண்டு கையையும் தூக்கிவிட்டாய். பார்க்கிறவர்கள் எல்லாம் "புள்ளைக்குத் தடுப்பூசி போட்டப்ப எடுத்ததா?" என்று கேட்கிறார்கள். உனக்குக் கோபம் வரும் என்று தெரியும். கேமராவைக் கோபித்துக்கொள், அத்தையை விட்டுவிடு.

இனி கல்யாணத்துக்கு வருகிறேன்.

அத்தை வீட்டை ஒட்டிய வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம். அந்த வீட்டு வாப்பா துபாயில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை பார்த்தார். வாப்பா என்றால் அப்பா, உம்மா என்றால் அம்மா. அவருக்கு ஒரே பெண். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, பத்திரிகையும் அடித்தாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து அவருக்கு லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எவ்வளவோ கெஞ்சிப் பார்த்திருக்கிறார். நடக்கவில்லை. கடைசியில் அத்தைக்குப் போன் செய்தார். நானும் அப்போது அங்கேதான் இருந்தேன்.

"தங்கச்சி, நிக்காவுக்கு நான் வர முடியாதும்மா. பொம்பளைங்க இருக்குற எடத்துக்குள்ள போட்டோ புடிக்க ஆம்பளைய விட மாட்டாங்க, நானும் விட மாட்டேன். தெருவுல கேமரா இருக்குற பொம்பள நீங்கதான். எனக்கு ஆல்பம்லாம் வேணாம். ஒண்ணே ஒண்ணு போதும். எம் புள்ள பொண்ணா உக்காந்துருக்குற மொகத்த நான் பாக்கணும்."

"அண்ணே, நீங்க கவலையே படாதீங்க. கேமரா எல்லாத்தையும் பாத்துக்கும்" என்றார் அத்தை.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் மருதாணி போடும் சாயங்காலம். அத்தை கேமராவோடு போனார். துணைக்கு உங்க அம்மாவும் போனாள். நான் வெளியே பந்தலில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே நடந்ததெல்லாம் உங்க அம்மா சொன்னது.

பெண் இருந்த அறை பந்தலைப் பார்த்த அறை. பந்தலில் ஆண்கள் என்பதால் ஜன்னலில் கனமான படுக்கை விரிப்பைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே ஒரே ஒரு டியூப் லைட். பெண் ஜரிகைத் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் வாப்பாவின் அக்கா. அந்த வீட்டில் அக்காவை லாத்தா என்பார்கள். இவரைத் தெருவே பெரிய லாத்தா என்று கூப்பிடும். தம்பி இல்லாத வீட்டில் கல்யாணம் ஒழுங்காக நடக்க வேண்டுமே என்று எல்லாப் பொறுப்பையும் தன் தலையில் போட்டுக்கொண்டவர்.

அந்தக் கேமராவுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆட்களின் கண் படத்தில் சிவப்பாக விழக் கூடாது என்று முதலில் குட்டியாக ஒரு மின்னல் மின்னும். அதற்கப்புறம்தான் பெரிய மின்னலும் படமும். பெரிய லாத்தாவுக்கு ஒரு பயம். இவ்வளவு வெளிச்சம் அடித்தால் விரிப்பைத் தாண்டிப் பெண்ணின் முகம் பந்தலுக்குத் தெரிந்துவிடும் என்று. குட்டி மின்னல் மின்னியதும் அவர் கை சட்டென்று துப்பட்டாவைப் பெண்ணின் முகத்தின் மேல் இழுத்துவிடும். அடுத்த நொடி பெரிய மின்னல். படம் முடிந்தது.

ஒன்றில்கூட முகம் இல்லை. எல்லாவற்றிலும் பளபளவென்று ஒரு ஜரிகை மூட்டை.

"லாத்தா, கொஞ்சம் கைய சும்மா வச்சுக்குங்களேன்" என்றாராம் அத்தை.

"நான் எங்கம்மா பண்றேன்? அது மின்னுனா கை தானா போவுது."

கேமராவின் திரையில் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்த பெண், "அத்தை, இதுல நான் எங்க இருக்கேன்?" என்று கேட்டாள்.

"இதுக்குள்ளதான் இருக்கே."

"வாப்பா என்னைய அல்வா பார்சல்னு நெனச்சுக்கப் போறாங்க."

அறையே சிரித்திருக்கிறது. பெண்ணும் சிரித்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, மருதாணிக் கையைக் காயவைத்தபடி மெதுவாகக் கேட்டாளாம். "வாப்பாவுக்கு ஒண்ணாச்சும் வந்துரும்ல அத்தை?"

மறுநாள் காலையில் அத்தை ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு நம் வீட்டுக்கு வந்தார். கேமராவை மேஜை மேல் வைத்தார். மூன்று பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்துகொண்டோம்.

"ஃபிளாஷ அமத்திட்டு எடுங்களேன்க்கா" என்றாள் உங்க அம்மா.

"பச்சையில இருந்தா அது நம்ம பேச்சக் கேக்காது."

"அப்ப பச்சைய விட்டு வெளிய வாங்க."

அத்தை பிளாஸ்திரியின் ஓரத்தை நகத்தால் நெருடிக்கொண்டே இருந்தார். அவர் மனசில் ரேடியோ ஓடியிருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். பிறகு எங்களைப் பார்க்காமல், கேமராவைப் பார்த்துப் பேசினார்.

"இத வச்ச எங்க அண்ணன் தெரிஞ்சவன்தான். செஞ்ச கம்பெனிக்காரனும் தெரிஞ்சவன்தான். ஆனா ரெண்டு பேருக்கும் இந்தப் புள்ளையத் தெரியாதே தம்பி. லாத்தாவோட கை வேகமும் தெரியாது."

சொல்லிவிட்டு ஒரே இழுப்பாக இழுத்தார். பிய்ந்தது கேமராவின் பிளாஸ்திரி. "ஸ்ஸ்" என்று வலித்தது அத்தைக்கு.

சக்கரத்தில் பச்சைக்குப் பக்கத்திலேயே ஆங்கிலத்தில் P என்று ஓர் எழுத்து. அதற்குத் திருப்பினார். திரையில் என்னென்னவோ புதிதாக வந்தது. எல்லாம் பிரெஞ்சில். அண்ணன் அங்கே வாங்கியது, அந்த ஊர்ப் பேச்சையே பேசியது. பச்சையில் இருந்தவரை அது வாயைத் திறந்ததே இல்லை, அதனால் இத்தனை நாள் யாருக்கும் தெரியவில்லை.

பிரெஞ்சுக்கு எங்கே போவது? நம்ம ஊரில் அதற்கா பஞ்சம்? தலத்தெருவில் எனக்குத் தெரிந்த ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை இங்கே சொல்தா என்பார்கள். கடையில் எனக்கு வாடிக்கை. அத்தை ஸ்கூட்டியில் முன்னால் போக, நான் சைக்கிளில் பின்னால் போனேன். கண்ணாடியில் வானம் பார்த்துக்கொண்டே போனார்.

சொல்தா கேமராவைத் தொட்டதே இல்லை. ஆனால் எதுவும் தெரியாது என்று சொல்கிற ஆள் இல்லை. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, திரையைக் கையெட்டும் தூரத்தில் பிடித்து, மந்திரம் போல வாசித்தார்.

"சான்சிபிலித்தே."

"அப்படின்னா முசே?" என்றார் அத்தை. பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம், அவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"அப்படின்னா... உணர்ச்சி."

"கேமராவுக்கு உணர்ச்சியா?"

"போட்டுருக்கும்மா. நூறு, எரநூறு, நானூறுன்னு கூடிக்கிட்டே போவுது. எங்க பட்டாளத்துல உணர்ச்சியே கூடாதும்பான். இதுல ஆயிரத்து அறநூறு வரைக்கும் வச்சுருக்கான்."

இன்னும் சிலவற்றை வாசித்துச் சொன்னார். ஃபிளாஷை அமர்த்த ஒரு பட்டன், படத்தை வெளுப்பாக்கக் கூட்டல் குறி, கறுப்பாக்கக் கழித்தல் குறி. எது எதற்கு என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. வார்த்தை அவருடையது, ஊகம் எங்களுடையது. கிளம்பும்போது, "பாஷைய இங்கிலீஷுக்கு மாத்தித் தரட்டுமா? அதுக்கும் இதுல எடம் இருக்கு" என்றார்.

அத்தை கேமராவை வெடுக்கென்று வாங்கிக்கொண்டார். "வேணாம் முசே. அது அண்ணன் வச்சது."

அன்று பகல் முழுக்க நம் வீட்டு நடு அறையில் ஒத்திகை. ஜன்னலை விரிப்பால் மூடினோம். உங்க அம்மா கல்யாணப் பெண். தலையில் முகூர்த்தப் புடவை. பக்கத்தில் பெரிய லாத்தா வேஷம் எனக்கு.

ஃபிளாஷ் இல்லாமல் எடுத்த முதல் படத்தில் உங்க அம்மாவுக்கு மூன்று மூக்கு. வெளிச்சம் போதாததால் கேமரா ரொம்ப நேரம் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறது, அதற்குள் அத்தையின் கை ஆடியிருக்கிறது. இதைக் கண்டுபிடிக்கவே எங்களுக்குப் பதினோரு மணியாகிவிட்டது. பிறகு உணர்ச்சியைக் கூட்டினோம். மூன்று மூக்கு ஒன்றாயிற்று. உற்சாகத்தில் ஒரேயடியாக மேலே ஏற்றினோம். படம் முழுக்க ரவை கொட்டியது போல் புள்ளி புள்ளியாக வந்தது. கொஞ்சம் இறக்கி, முழங்கையை ஒரு ஸ்டூலில் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்ததும் சரியாக வந்தது. அத்தைக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. மூச்சை விட மறந்துவிட்டார்.

ஆனால் ஒரு குறை. புடவை ஜரிகை ஜோராக விழுந்தது, முகம் மட்டும் இருட்டாக இருந்தது. அத்தை படத்தையும் உங்க அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது ஜரிகையப் பாத்து மயங்குது. அந்த மினுக்கப் பாத்துட்டு வெளிச்சம் போதும்னு நெனச்சுக்குது. மொகம்னு ஒண்ணு இருக்குறது இதுக்குத் தெரியல."

"உங்க தம்பியும் அப்படித்தான்க்கா. விசேஷத்துக்குப் போனா யாரு என்ன பொடவைன்னு சொல்லுவாரு. மொகம் ஞாபகம் இருக்காது" என்றாள் உங்க அம்மா. எனக்கு இது தேவைதான்.

கூட்டல் குறியில் வைத்து எடுத்தார். முகம் துலங்கியது. ஜரிகை கொஞ்சம் வெளுத்துப் போனது. "போனாப் போவுது" என்றார் அத்தை. "துபாய் அண்ணன் ஜரிகையக் கேக்கல."

கல்யாண நாள். நான் மறுபடியும் பந்தலில். உள்ளே கூட்டம், பேச்சு, சிரிப்பு. அத்தை ஓர் அலமாரியின் விளிம்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றாராம். கொல்லைப் பக்க ஜன்னலை மட்டும் திறந்து வைக்கச் சொல்லியிருக்கிறார். அங்கே ஆண்கள் இல்லை.

பெரிய லாத்தா பெண்ணுக்குப் பக்கத்தில், வலது கையைப் பெண்ணின் தலைக்கு மேலே தயாராகத் தூக்கி வைத்திருந்தார்.

"இன்னிக்கு மின்னல் அடிக்காது லாத்தா. கைய எறக்குங்க."

"நீ சொல்லுவே. அந்தப் பொட்டி கேக்கணுமே?"

அத்தை எடுத்துக்கொண்டே இருந்தார். மின்னலே வராததால் யாருக்கும் படம் எடுப்பதாகவே தோன்றவில்லை. "இன்னுமா ஆரம்பிக்கல?" என்று கேட்டார்கள். பெரிய லாத்தாவுக்குக் கை வலித்திருக்க வேண்டும். ஆனாலும் இறக்கவில்லை. குனிந்தே இருந்த பெண் ஒரு நொடி ஓரக்கண்ணால் மேலே பார்த்தாள். தலைக்கு மேல் காவல் நிற்கிற கையைப் பார்த்தாள். அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். அந்த நொடியில் அத்தை அமுக்கிவிட்டார்.

பெரிய லாத்தா திரையை எட்டிப் பார்த்தார். "நான் இதுல இல்லைல?"

"கை மட்டும் இருக்கு லாத்தா. அழிச்சிடவா?"

"கை இருந்தா இருந்துட்டுப் போவுது. புள்ள நல்லாருக்கால்ல, அத விடு."

கல்யாணம் முடிந்து துபாய்க்குத் திரும்பிப் போன ஒரு சொந்தக்காரரிடம் அல்வா டப்பா கொடுத்து அனுப்பினார்கள். கேமராவின் மெமரி கார்டை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, டப்பா மூடியின் உள்பக்கத்தில் ஒட்டிவிட்டார் அத்தை. எதை வைத்து ஒட்டினார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு காத்திருந்தோம். அத்தை இரண்டு மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. "ரவ ரவயா இருக்குன்னு சொல்லிடுவாரோ?" என்பார். "ஜரிகை வெளுத்துடுச்சேன்னு நெனப்பாரோ?" என்பார். பச்சையில் எடுத்த படம் சரியில்லை என்றால் அது கேமராவின் பாடு. இது அவரே திருகி எடுத்த படம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் போன் வந்தது. பெண் மாப்பிள்ளையோடு விருந்துக்கு வந்திருந்தாள். என்னையும் உங்க அம்மாவையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். நான் வாசல் நாற்காலியில் இருந்தேன். உள்ளே பெண்ணின் உம்மா போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்தார்.

ரூமில் இருந்தவர்கள் வெளியே போகிற வரை காத்திருந்து, ஒரு சிநேகிதரின் லேப்டாப்பில் தனியாகப் பார்த்தாராம் வாப்பா.

"பாத்தீங்களாண்ணே?" என்றார் அத்தை.



"பாத்தேன் தங்கச்சி" என்றார். "மொத நாள் புடிச்சதுல ஒண்ணும் புரியல. அதுக்கப்புறம் ஒண்ணு இருக்கு பாருங்க. எம் புள்ள சிரிக்குது. தலைக்கு மேல எங்க லாத்தா கை. லாத்தா கைன்னு வளையலப் பாத்தே தெரிஞ்சுக்கிட்டேன். தலையில கை வச்சு, நல்லா இருக்கணும்னு துஆ ஓதப் போறாங்க. நான் இருந்து செய்ய வேண்டியது. எனக்குப் பதிலா அவங்க செஞ்சுட்டாங்க. அப்படித்தானே தங்கச்சி?"

உள்ளே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பெரிய லாத்தா தன் வலது கையை மடிக்குள் ஒளித்துக்கொண்டார். எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள்.

அத்தை போனுக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். "ஆமாண்ணே. நான் பாத்துத்தான் எடுத்தேன். லாத்தா கை புள்ள தலைக்கு மேலேயேதான் இருந்துச்சு. எறக்கவே இல்ல."

பெரிய லாத்தா மூக்கை உறிஞ்சிக்கொண்டு பெண்ணை அதட்டினார்.

"என்னடி அங்க நிக்கிறே? வா, வந்து உக்காரு கிட்ட."

அவள் வந்து குனிந்து உட்கார்ந்தாள். பெரிய லாத்தா அவள் தலையில் கையை அழுத்தி வைத்து, தம்பிக்குக் கேட்கும்படி சத்தமாக ஓத ஆரம்பித்தார். வாசலில் இருந்த எனக்கும் கேட்டது. ஓதி முடித்ததும் வீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் ஆமீன் சொன்னார்கள். கொஞ்சம் பிந்தி, போனுக்குள்ளிருந்தும் ஓர் ஆமீன் வந்தது.